சேம அச்சு

பழவேற்காட்டு ஏரிப் பக்கத்தில், காட்டூரில், எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். மீன் வியாபாரம் செய்கிறவர். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டு, உப்புக் காற்றை இரண்டு நாள் சுவாசித்துவிட்டு வந்தால்தான் எனக்கு எழுத்து வேலை ஓடும். சென்ற தை மாதத்தில் போனபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகையில் வலையைக் காணவில்லை. வலை தொங்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டார் வண்டியின் எலும்புக்கூடு நின்றுகொண்டிருந்தது.

எலும்புக்கூடு என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. சதுர இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்த சட்டம். அதில் நான்கு சக்கரம். முன்னால் ஓர் எஞ்சின். நடுவில் இரண்டு இருக்கை. கதவு இல்லை, கூரை இல்லை, கண்ணாடி இல்லை. சிநேகிதரின் மூத்த மகன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அதன் அடியிலிருந்து கரி பூசிய முகத்தோடு எழுந்து வந்து, "வாங்க சார்" என்று சிரித்தான். ஒன்றரை ஆண்டு வேலையாம். எஞ்சின் ஒரு பழைய மாருதி 800-இனுடையது. சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கியது. ஸ்டியரிங் வேறொரு வண்டியினுடையது. மற்றவையெல்லாம் காயலான் கடையில் எடைக்கு எடை வாங்கியவை. அவன் எந்தத் தொழிற்பள்ளியிலும் படித்தவன் அல்லன். இதற்கு முன் ஒரு வண்டியும் செய்தவன் அல்லன். இதுதான் முதல்.

இரவு சாப்பாடு ஆனதும் சிநேகிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. தங்கச்சியை இதுல உட்கார வெச்சு பொன்னேரி காலேஜுக்குக் கொண்டுபோய் விடுவேன்னு நிக்கிறான். அவளும் சரிங்கிறா. விடலாமா, வேணாமா?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? வேணாம்னா, புள்ளை செஞ்சதை நம்பலைன்னு ஆயிடும். சரின்னா, பொண்ணை நெனைச்சா வயித்தைக் கலக்குது."

கதை எழுதுகிறவனிடம் நியாயம் கேட்பது, சமையற்காரனிடம் பல்வலிக்கு மருந்து கேட்பது போன்றது. ஆனாலும் அந்தத் தகப்பனார் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்குள் எத்தனை பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒருவன் தன் கையால் ஒன்றைச் செய்கிறான். அவனுக்கு அதில் உரிமை உண்டு, பெருமை உண்டு. ஆனால் தன் முதல் முயற்சியின் மேல் இன்னொருவரின் உயிரை ஏற்றிவைக்க அவனுக்கு உரிமை உண்டா? அன்பு இருக்கும் இடத்தில் நம்பிக்கையும் இருந்தே ஆக வேண்டுமா?

முதலில் ஒரு சின்னக் கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். எஞ்சினை யாரோ செய்தார்கள், சக்கரத்தை யாரோ செய்தார்கள், இவன் பூட்டினான். பூட்டியவன் செய்தவன் ஆவானா?

இதற்கு விடை தேட நான் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடற்கரையே விடை சொல்லும். ஒரு காலத்தில் இங்கே எந்தக் குப்பத்துக்குப் போனாலும் கட்டுமரத்தைப் பார்க்கலாம். கட்டுமரம் என்பது, பெயரே சொல்வதுபோல, கட்டிய மரம். செதுக்கிய சில கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளுவார்கள். கரைக்குத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார்கள். மறுபடியும் போகும்போது மறுபடியும் கட்டுவார்கள். கரையில் கிடக்கும்போது அது வெறும் விறகு, கட்டினால் கலம். மரத்தை வளர்த்தவன் மீனவன் அல்லன். கயிற்றைத் திரித்தவனும் பெரும்பாலும் அவன் அல்லன். ஆனாலும், "இது என் மரம்" என்று அவன் சொன்னால் மறுக்க யாருக்கு வாய் வரும்? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவன் அவன். கலத்தைக் கலமாக்குவது அந்தச் சம்பந்தம்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் அதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்தது. பிறகு மிகவும் அருகிவிட்டது. இன்றைய படகு அச்சில் வார்த்த முழுப் படகு. அதை வாங்குகிறவன் அவிழ்ப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்கு அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்த மோட்டார் சைக்கிளின் மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றினார்; மறுபடியும் பூட்டினார். பிற்காலத்தில் பஸ் கம்பெனி, மின்சார மோட்டார், சவரக் கத்தி என்று அவர் செய்த அத்தனைக்கும் விதை அந்தக் கழற்றலில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய அன்று அந்த மோட்டார் சைக்கிள் அவருடைய சொத்தாயிற்று. பிரித்துப் பூட்டிய அன்றுதான் அவருடையதாயிற்று.

சீமையிலும் இந்த ஆசை உண்டு. 1957-இல் காலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் கம்பெனி 'செவன்' என்று ஒரு சிறிய காரைக் கொண்டுவந்தது. முழுக் காராக வாங்கினால் அந்நாட்டில் விற்பனை வரி அதிகம். பகுதிகளாகப் பெட்டியில் வாங்கி வீட்டிலே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே குமாஸ்தாக்களும் மாணவர்களும் பெட்டியாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பூட்டினார்கள். பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு தரக்கூடாது என்று விதி இருந்ததாகவும், கம்பெனியார் 'கழற்றும் முறை' என்று ஒரு கையேடு எழுதித் தந்து, வாங்கினவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக்கொண்டதாகவும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில் அந்தக் காரின் உரிமையும் கேட்டர்ஹாம் என்ற வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. சலுகை போனதும் வழக்கம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. இன்றும் அந்தக் காரைப் பகுதிகளாக வாங்கித் தாங்களே பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனுக்குள் சொந்தமாக ஒரு கார் செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பலர் வெல்டிங் கற்றுக்கொள்ளப் போனார்கள்.

ஆக, காசு மிச்சமாகிறது என்பது மட்டும் காரணம் அல்ல. தன்னைச் சுமந்து செல்லும் பொருளைத் தான் அறிந்திருக்க வேண்டும் என்று மனிதனுக்கு ஒரு தாகம் இருக்கிறது. நாம் எல்லாரும் அறியாத பொருள்களின் மேல் உட்கார்ந்துகொண்டு வாழ்கிறோம். காட்டூர்ப் பையன் அப்படி வாழ மறுத்தான். அந்த மறுப்பு உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதுவரைக்கும் நான் பையனுடைய கட்சி. பொழுது விடிந்ததும், "விடுங்கள் ஐயா, தைரியமாகப் போகட்டும்" என்று சொல்லிவிட்டிருப்பேன். ஆனால் என்னுடைய பழைய பாவம் ஒன்று இருட்டிலே எழுந்து வந்து என் பாயில் உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பதினாறு வயதிருக்கும். என் தகப்பனாரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கோடை விடுமுறையில் ஒரு நாள் அவர் ஊரில் இல்லாதபோது அதை முழுவதும் கழற்றினேன். சக்கரம், பெடல், செயின், பால்ரஸ் குண்டு வரைக்கும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின் மேல் பரப்பினேன். சாயங்காலத்துக்குள் பூட்டியும் விட்டேன். ஏறி மிதித்தால் வெண்ணெயாக ஓடியது. தெருக்கோடி வரை இரண்டு முறை போய் வந்தேன். அந்த மாதிரி மகிழ்ச்சி என் முதல் கதை அச்சானபோதுகூட எனக்கு வந்ததில்லை. சாக்கின் மேல் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடந்தது. பார்த்தேன். 'கம்பெனிக்காரன் ஒன்று அதிகமாகப் போட்டிருப்பான்' என்று சொல்லிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, என்னைவிட நான்கு வயது இளையவன், "அண்ணா, ஒரு ரவுண்டு" என்றான். கொடுத்தேன். கொடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை. என் சாமர்த்தியத்தை இன்னொருவன் அனுபவிக்க வேண்டும் என்ற ஆசையில், ஏற்றிவிட்டுப் பின்னாலிருந்து தள்ளியும் விட்டேன். வாய்க்கால் மதகருகே முன்சக்கரம் தனியே கழன்று ஓடியது. பிள்ளை கவட்டோடு தரையில் குத்திட்டு விழுந்தான். கை முறிந்தது, மோவாயில் தையல் போட்டார்கள். அந்தத் தழும்பை இன்றைக்கும் அவர் முகத்தில் பார்க்கிறேன். அவர் அதை மறந்துவிட்டார். என்னால் முடியவில்லை.

என் தகப்பனார் ஊரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். அடிக்கவில்லை. "கழட்டினது தப்பில்லே. பூட்டினதும் தப்பில்லே. மிச்சம் இருந்ததைப் பார்த்தப்புறம் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லாமக் கொடுத்தியே, அதுதான்டா தப்பு" என்றார்.

அந்த வாஷர் எனக்கு ஒரு பாடம் சொன்னது. ஓடுகிறது என்பது, சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. தெருக்கோடி வரை இரண்டு முறை ஓடியது, ஓட வேண்டிய விதத்தில் ஓடவில்லை. விழ வேண்டிய நேரம் வராததனால் ஓடியது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், புதிதாகக் கற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. தேர்ந்தவனுக்குத்தான் தன் வேலையில் எந்த இடம் பலவீனம் என்று தெரியும். கற்கிறவனுக்கு எல்லா இடமும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். பெரிய தேர் உருளுவதற்குச் சின்ன அச்சாணி காரணமாக இருப்பதைக் காட்டி, உருவத்தைக் கண்டு எதையும் இகழாதே என்றார் வள்ளுவர். அவர் மனிதர்களை நினைத்துச் சொன்னார். எனக்கு அது வாஷரைப் பற்றிச் சொன்னதாகவே படுகிறது.

சரி, அப்படியானால் கற்றுத் தேர்ந்தவன் மட்டும்தான் செய்யலாமா? செய்யாமல் எப்படித் தேர்வது? நீந்தக் கற்றுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவேன் என்று சொன்னவன் கதையாகிவிடும். ஆகவே செய்யாதே என்று தடுப்பதில் நியாயம் இல்லை. யாரை வைத்துச் செய்கிறாய் என்பதுதான் கேள்வி.

கட்டுமரத்தை இன்னொரு முறை பாருங்கள். கயிற்றைக் கட்டிய கைதான் துடுப்பையும் பிடித்தது. முடிச்சு அவிழ்ந்தால் அவிழ்த்தவன் தானே நனைந்தான். தன் பிழைக்குத் தானே ஜாமீன். உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்று தர்க்கம் செய்யலாம். ஆனால் அதில் வஞ்சனை இல்லை. பிறர் ஏறும்போது கணக்கு மாறிவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில், உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது ஏறினவர்களுக்கு எப்படித் தெரியும்? 'கூட்டிப் போகிறவர்களுக்குத் தெரியும்' என்று நம்பித்தான் ஏறினார்கள். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும், ஏறும் அந்தக் கணத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பெரிய கடன் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏறாதவர்களும் கொடுக்கிறார்கள். சாலையோரத்தில் நடக்கிற கிழவி, உன் பிரேக்கைப் பற்றி உன்னிடம் விசாரிப்பதில்லை.

இங்கே ஒரு நண்பர் எழுந்து, "உமக்கென்ன, சொல்லுவீர். ஏழை என்ன செய்வான்? வடசென்னையில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறானே, அவன் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மூன்று சக்கரத் தட்டு வண்டியில் பூட்டிக்கொண்டு, ஐஸும் மீனுமாக விடியற்காலையில் ஓடுகிறான். பதிவு இல்லை, காப்பீடு இல்லை. கம்பெனி வண்டி வாங்கு என்றால் பணத்துக்கு எங்கே போவான்? சட்டம் பணக்காரன் செய்ததை வண்டி என்கிறது, ஏழை செய்ததைக் குற்றம் என்கிறது" என்று கேட்கலாம்.

இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். இதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டி உற்பத்தி செய்கிறவர், மாதிரி வண்டி ஒன்றைக் குறிப்பிட்ட சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்கிற கம்பெனிக்கு ஒரு மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்புவது பெரிய காரியம் அல்ல. ஒன்றே ஒன்று செய்கிற காட்டூர்ப் பையனுக்கு அந்த வாசல் மலை போல உயரமானது. பிரிட்டனிலே வீட்டில் செய்த ஒற்றை வண்டியையும் அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் தனியே பார்த்து, பிரேக்கும் ஸ்டியரிங்கும் விளக்கும் சரி என்றால் சாலையில் விடுகிறார்கள். அப்படி ஒரு சின்ன வாசல் இங்கும் இருந்தால் நல்லதே. அது இல்லாதது ஒரு குறை என்று நான் தாராளமாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வாசல் சின்னதாக வேண்டும் என்று கேட்பது வேறு. வாசலே வேண்டாம் என்பது வேறு. ஏழ்மை ஒருவனுக்குப் பிழைப்பதற்கு உரிமை தருகிறது. கிழவியின் காலின் மேல் ஏறுவதற்கு உரிமை தருவதில்லை. அந்தக் கிழவியும் பெரும்பாலும் ஏழைதான் என்பதை மறந்துவிடக்கூடாது. காரில் போகிறவள் சாலையோரத்தில் நடப்பதில்லை.

பழவேற்காட்டு மீனவருக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏரியில் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் அங்கே 'பாடு' என்று ஒரு முறை வெகு காலமாக உண்டு. எந்தப் பாட்டில் யார் எப்போது வலை கட்டுவது என்று குப்பத்தார் சேர்ந்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரன், வேகமானவன், முந்தி வந்தவன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஏரி பொது, ஆகையால் முறை உண்டு. சாலையும் பொதுதானே?

விடியும் நேரத்தில் நான் எழுந்து வெளியே வந்தேன். வடக்கே, ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கேயும் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து பூட்டித்தான் ராக்கெட்டை விடுகிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கற்றுக்குட்டிகள்தான். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அவர்கள் விட்ட எஸ்.எல்.வி.-3 சில நிமிஷங்களில் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு செய்த கோளாறு. பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு வாஷர்! திட்டத்தின் பொறுப்பாளர் நம் இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் கூடியபோது, தலைவர் சதீஷ் தவான் அவரை முன்னே நிறுத்தாமல், தாமே பொறுப்பை ஏற்றுக்கொண்டு பதில் சொன்னார். மறு ஆண்டு 1980 ஜூலை 18-ஆம் தேதி வெற்றி கிடைத்தபோது கலாமையே பேசச் சொன்னார். கலாமே பிற்காலத்தில் பலமுறை சொல்லி நெகிழ்ந்த செய்தி இது.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ராக்கெட் விடும் நாள்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று இந்தக் குப்பங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். மீனவருக்கு அன்றைய பிழைப்புக் கெடுகிறது. அதில் அவர்களுக்கு வருத்தமும் உண்டு, அது நியாயமான வருத்தம். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம்? நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் ஒன்றுகூடி, 'நாங்கள் செய்தது விழலாம்' என்று தங்கள் வாயால் ஒப்புக்கொள்கிறார்கள். வெற்றி மேல் வெற்றி பெற்ற பிறகும் அந்தச் சொல்லை அவர்கள் நிறுத்தவில்லை. விழலாம் என்று அறிந்தவன் கடலைக் காலி செய்துகொண்டு ஏவுகிறான். விழவே விழாது என்று நம்பியவன்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏற்றித் தள்ளிவிடுகிறான்.

இந்த இடத்தில் எனக்கு ஔவையார் நினைவு வந்தது. புறநானூற்றில் அதியமான் மகனைப் பாடும்போது உமணர்களின் வண்டியை அவர் உவமையாக எடுத்துக்கொள்கிறார். உமணர் என்றால் உப்பு வணிகர். கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் வண்டிக்கு அடியில், இருக்கிற அச்சு போதாதென்று, இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். தந்தைக்குத் துணையாக நிற்கும் மகன் அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து.

நான் உவமையை விட்டுவிட்டு அந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உமணர்களுக்குத் தங்கள் வண்டியின் மேல் நம்பிக்கை இல்லையா? இருந்தது, இல்லாவிட்டால் புறப்பட்டிருக்கவே மாட்டார்கள். தங்கள் தச்சனை அவர்கள் அவமதித்தார்களா? இல்லை. வழி நீளம், பாரம் அதிகம், மரம் மரந்தான் என்று அவர்களுக்குத் தெரியும். நம்பிக்கையையும் சந்தேகத்தையும் ஒரே வண்டியில் கட்டிக்கொண்டு போன மனிதர்கள் அவர்கள். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நாம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கைக்கொள்ள முடியும் என்று நினைக்கிறோம். நம்பினால் கேள்வி கேட்கக்கூடாது. கேள்வி கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். என் சிநேகிதரின் சங்கடம் முழுவதும் அந்த நினைப்பிலிருந்து பிறந்ததுதான்.

காலையில் கொட்டகைக்குப் போனேன். பையன் ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். தகப்பனாரும் வந்து வாசலில் நின்றார். தங்கையும் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"தம்பி, வண்டி ரொம்ப நன்றாயிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி" என்றேன். "இதில் உனக்கே திருப்தியில்லாத இடம் எது?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. தங்கையைப் பார்த்தான்; அப்பாவைப் பார்த்தான். பிறகு குனிந்து, ஸ்டியரிங் தண்டு சட்டத்தோடு சேருமிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இந்தப் பத்த வெச்சதுதான் சார். நான் வெல்டிங் கத்துக்கிட்ட புதுசுல போட்டது. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள எப்படின்னு தெரியல."

"அப்பாவிடம் சொன்னாயா?"

"இல்ல சார். சொன்னா எல்லாமே வேணாம்னுடுவாரு."

தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து, அந்த இடத்தில் தாமும் கைவைத்துப் பார்த்தார். பிறகு, "மீஞ்சூர்ல எனக்குத் தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் இருக்கார். அறுத்துட்டு அவரைப் போடச் சொல்லலாம்டா" என்றார். அதற்குள் வேறொன்றும் நடந்துவிட்டதை நான் கவனித்தேன். ஒன்றரை ஆண்டாக அந்தக் கொட்டகையின் வாசலோடு நின்ற மனிதர் அன்றைக்குத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

நான் நியாயம் சொன்னேனா? சொன்னேன். தங்கை ஏறக்கூடாது என்றேன். சாலையிலும் போகக்கூடாது என்றேன். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத வறண்ட திடலில், தலைக்கவசத்தோடு, தான் மட்டும் ஏறி, மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். பையனுக்கு முகம் வாடியது. "அப்போ இது எதுக்கு சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "உனக்கு" என்றேன். அது முழுப் பதில் ஆகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவன் ஒன்றரை ஆண்டு பாடுபட்டுச் செய்ததில் தனக்குப் பிரியமானவர்களை ஏற்றிச் செல்ல முடியாது என்பது துக்கம்தான். அந்தத் துக்கத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அதை இன்னொருவரின் எலும்பைக் கொண்டு தீர்த்துக்கொள்ளக்கூடாது என்று மட்டுமே சொல்லுகிறேன்.

இரண்டு மாதம் கழித்துச் சிநேகிதர் தொலைபேசியில் பேசினார். அறுத்துப் பார்த்தபோது உள்ளே பாதிக்குமேல் பற்றாமல் இருந்ததாம். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டதற்கு, "பொன்னேரி வரைக்கும் தாங்கியிருக்கும், திரும்பி வர்றதுதான் சந்தேகம்" என்று வெல்டர் சொன்னாராம். அதைச் சொல்லிச் சிநேகிதர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் இப்போது அந்த வெல்டரிடமே வேலைக்குப் போகிறான். தங்கை பஸ்ஸில் போகிறாள். வண்டி கொட்டகையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்குப் போய்வருகிறது.

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய வாஷர் கிடக்கிறது. எத்தனையோ வீடு மாறியும் அதை எறிய மனம் வரவில்லை. ஒரு கட்டுரையை எழுதி முடித்து, 'அருமையாக வந்துவிட்டது' என்று தோன்றும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அதை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன். இதையும் அப்படித்தான் படித்தேன்.